ரீகால் அறிவிப்புக்குப் பின்னால்: குழந்தைப் பொருட்களைக் கம்பெனிகள் எப்படித் திரும்பப் பெறுகின்றன?

வெளிநாட்டில் ஏதோ ஒரு கம்பெனி குழந்தைத் தொட்டிலையோ பால் பவுடரையோ ரீகால் செய்கிறது என்று செய்தி வருகிறது. அன்று சாயங்காலமே நம் வாட்ஸ்அப் குழுக்களில் அது "அந்தக் கம்பெனியைத் தடை பண்ணிட்டாங்க, வீட்டுல இருந்தா உடனே தூக்கிப் போடுங்க" என்று சுற்றத் தொடங்கிவிடும். அதுவே திருப்பூரில் தைத்த ஒரு குழந்தை உடைக்கு ரீகால் வந்ததாகக் கேள்விப்பட்டால், "அவ்வளவுதான், அந்தக் கம்பெனி முடிஞ்சுது" என்று டீக்கடையிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இரண்டு பேச்சும் பெரும்பாலும் தவறு.

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் இரட்டைப் பங்கு இருக்கிறது. குழந்தைக்கு வாங்குகிறவர்களும் நாம்தான். உலகத்தின் எத்தனையோ கடைகளுக்குக் குழந்தை உடை தைத்து அனுப்புகிற ஊரும் நம்முடையதுதான். ஆகவே ரீகால் எப்படி நடக்கிறது என்பதை அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். முன்பின் தெரியாதவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

பால் சொசைட்டியில் இருந்து தொடங்குவோம்

கிராமத்துப் பால் சொசைட்டியில் காலையில் என்ன நடக்கிறது? ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு எண். அவர் கொண்டுவந்த பாலை அளப்பார்கள், சாம்பிள் எடுத்துச் சோதிப்பார்கள், எழுதுவார்கள். அப்புறம்தான் பொதுக் கேனில் ஊற்றுவார்கள். கேன்கள் குளிர்விப்பு மையத்துக்குப் போகும்.

அங்கே ஒரு கேன் பால் கெட்டிருப்பது தெரிந்தால், முதலில் எழ வேண்டிய கேள்வி "யார் மேல் தப்பு?" என்பது இல்லை. எந்தக் கேன், எந்தச் சொசைட்டி, அதில் யார் யாருடைய பால், அதே பால் வேறு எதிலாவது கலந்துவிட்டதா என்பதுதான். நோட்டில் ஒழுங்காக எழுதியிருந்தால் ஒரு கேனோடு போகும். எழுதாமல் எல்லாவற்றையும் ஒரே டேங்கில் கொட்டியிருந்தால், டேங்க் முழுவதையும் கீழே ஊற்ற வேண்டியதுதான்.

ரீகாலும் அடிப்படையில் இவ்வளவுதான். வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்ட பொருளில் ஓர் ஆபத்து தெரிய வருகிறது; அது எந்தெந்தப் பொருள், யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த ஆபத்தை நீக்குவதற்குப் பெயர்தான் ரீகால். ‘திரும்பப் பெறுதல்’ என்று எழுதுகிறோம். ஆனால் பொருள் கம்பெனிக்குத் திரும்பிப் போயே ஆக வேண்டும் என்பதில்லை. சில சமயம் ஒரு சிறு உதிரிப் பாகத்தை அனுப்பி மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள். சில சமயம் வீட்டிலேயே வெட்டிப் போட்டுவிட்டு, அதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள், பணம் வந்துவிடும்.

இதுவரை சொன்னது இவ்வளவு: ரீகால் என்பது தண்டனை இல்லை, தடையும் இல்லை. குறிப்பிட்ட சில பொருட்களைத் தேடிப் பிடிக்கிற வேலை. அந்தத் தேடல் நடக்க வேண்டுமானால் ஒவ்வொரு பொருளிலும் ஒரு எண்ணும், அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கணக்கும் இருக்க வேண்டும்.

ஒரு ஸ்னாப் பட்டன் எப்படி ரீகால் ஆகிறது

கைக்குழந்தை உடையில் கால் பக்கம் வரிசையாகச் ஸ்னாப் பட்டன் இருக்கும், பார்த்திருப்பீர்கள். டயப்பர் மாற்ற வசதி. பட்டனின் ஒவ்வொரு பாதியும் இரண்டு துண்டு. ஒரு பக்கம் பல் வைத்த வளையம். மறுபக்கம் அதை வாங்கிக்கொள்ளும் மூடி. மெஷின் அழுத்தும்போது பற்கள் துணியைத் துளைத்து, மூடிக்குள் மடங்கிப் பிடித்துக்கொள்கின்றன.

இந்தப் பிடி துணியின் கனத்தைப் பொறுத்தது. இரண்டு மடிப்புத் துணிக்கு மெஷினின் டையை, அதாவது அழுத்துகிற அச்சை, செட் பண்ணியிருக்கும்போது கனம் குறைந்த துணி வந்தால் பல் சரியாகப் பிடிக்காது. சரி என்று இறுக்கி அடித்தால் பற்களே துணியை அறுத்துவிடும். அன்றைக்குப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நாலு தடவை துவைத்ததும் ஓட்டை பெரிதாகி, பட்டன் கையோடு வந்துவிடும். ஆறு மாதக் குழந்தை கையில் கிடைப்பது எங்கே போகும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

இதைச் சோதிக்க ‘புல் டெஸ்ட்’ என்று ஒன்று உண்டு. பட்டனைக் கவ்வியில் பிடித்து, குறிப்பிட்ட விசையில் இழுத்து, 10 வினாடி அப்படியே வைத்திருப்பார்கள். பல வெளிநாட்டு வாங்குபவர்கள் 70 நியூட்டன், 90 நியூட்டன் என்று கேட்பார்கள். அதாவது ஏழு கிலோவோ ஒன்பது கிலோவோ எடையைத் தாங்குகிற அளவு. கழன்று வருகிற துண்டு எவ்வளவு பெரியது என்று பார்க்கவும் ஒரு கருவி இருக்கிறது: 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு உருளை. எந்தத் துண்டு அதற்குள் முழுசாக அடங்குகிறதோ, அது சின்னக் குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடியது என்று கணக்கு. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மை போன்ற பொருட்களில் அப்படி ஒரு துண்டு கழன்று வரக்கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். உடைப் பட்டனுக்கு அந்த விதியில் விலக்கு இருந்தாலும், கழன்று தொண்டையை அடைக்கும் என்றால் ரீகால் வரும்.

இனி ஒரு தையல் யூனிட்டில் நடப்பதைப் பாருங்கள். காலையில் மெஷின் ஓட ஆரம்பித்ததும் ஒரு டெஸ்ட், அப்புறம் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தடவை டெஸ்ட், ஒவ்வொன்றையும் நேரம் போட்டு நோட்டில் எழுத வேண்டும். மதியம் மூன்று மணிக்குச் செக்கிங் பெண் சொல்கிறாள்: "ஏனுங்ண்ணா, இந்த மெஷின்ல அடிச்சது ரெண்டு பீஸ் கழண்டு வருதுங்க." சூப்பர்வைசர் விஷயம் தெரிந்தவராக இருந்தால் மெஷினை நிறுத்திவிட்டு, "கடைசியா எத்தனை மணிக்கு பாஸ் ஆச்சு அம்மிணி?" என்றுதான் கேட்பார். ஒரு மணிக்கு என்றால், ஒரு மணியில் இருந்து மூன்று மணி வரை அந்த மெஷினில் அடித்தது அத்தனையும் தனியாகப் போகும்.

ரீகாலின் முழு தத்துவமும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. கடைசியாகச் சரியாக இருந்தது எப்போது? அதற்கு அப்புறம் செய்தது எங்கே? இந்தக் கேள்வி யூனிட்டுக்குள்ளேயே எழுந்தால் ரெண்டு மணி நேர வேலை வீண், அவ்வளவுதான். யாரும் கேட்காமல் பெட்டி கட்டி, கன்டெய்னர் தூத்துக்குடி போய், கப்பல் ஏறி, கடையில் விற்று, குழந்தை போட்ட பிறகு எழுந்தால் அதற்குப் பெயர் ரீகால். டெஸ்ட் நோட்டைச் சாயங்காலம் உட்கார்ந்து மொத்தமாக நிரப்புகிற பழக்கம் சில இடங்களில் உண்டு. அது வெறும் எழுத்து வேலை என்று நினைத்துச் செய்கிறார்கள். ஆனால் பிரச்சினை வருகிற நாளில் அந்த நோட்டை நம்பித்தான் எத்தனை ஆயிரம் உடைகளைத் திரும்பக் கேட்பது என்று முடிவு செய்ய வேண்டியிருக்கும். பொய்யாக நிரப்பிய நோட்டு, ஆபத்தான உடை எங்கே இருக்கிறது என்பதையே மறைத்துவிடும்.

உடைந்த ஊசிக்கும் இதே ஒழுங்குதான். தைக்கும்போது ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடியெடுத்து, ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, தேதி எழுதி, அப்புறம்தான் புது ஊசி. துண்டு கிடைக்காவிட்டால் அங்கே இருக்கிற பீஸ்களை நகர்த்தக்கூடாது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இது தேவையில்லாத கெடுபிடியாகத் தெரியும். அந்தத் துண்டு குழந்தை உடைக்குள் போய்விட்டால் என்ன ஆகும் என்று ஒரு தடவை எடுத்துச் சொன்னால், யாரும் அப்புறம் அலுத்துக்கொள்வதில்லை.

யாருக்காவது அடிபட்டால்தான் ரீகாலா?

இல்லை. நிறையப் பேர் தவறாக நினைப்பது இங்கேதான். அமெரிக்காவில் குழந்தைகளின் இரவு உடைகளுக்கு எளிதில் தீப்பிடிக்கக்கூடாது என்ற விதி இருக்கிறது. உடல் மேல் ஒட்டினாற்போல் தைத்த உடைக்கு விலக்கு உண்டு. தொளதொளவென்று இருந்தால் துணி அந்தத் தீச்சோதனையில் தேற வேண்டும். தேறாத உடைகளை அடிக்கடி ரீகால் செய்கிறார்கள். பெரும்பாலான அறிவிப்புகளில் "காயம் எதுவும் பதிவாகவில்லை" என்றுதான் இருக்கும். தொப்பி வைத்த குழந்தைச் சட்டையில் கழுத்துப் பக்கம் நாடாக் கயிறு இருந்தாலும் அப்படித்தான். சறுக்கு மரத்திலோ வண்டிக் கதவிலோ கயிறு மாட்டிக் கழுத்து இறுகும் என்பதால், அது இருப்பதே ரீகாலுக்குப் போதுமான காரணம்.

கம்பெனிக்குள் இதை முடிவு செய்யும்போது இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். ஆபத்து என்பது என்ன நடக்கலாம் என்பது: தொண்டை அடைப்பு, கழுத்து இறுக்கம், தீக்காயம். ரிஸ்க் என்பது அது நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு மோசம் என்று இரண்டையும் சேர்த்துப் போடுகிற கணக்கு. பெரியவர்கள் சட்டையில் பட்டன் கழன்றால் ஆபத்தே இல்லை, தைத்துக்கொள்ளலாம். கைக்குழந்தை உடையில் அதே பட்டன் கழன்றால், வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றாக இருந்தாலும், நடந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் குழந்தைப் பொருட்களுக்கு மூன்று நான்கு புகார் வந்ததுமே ரீகால் வந்துவிடுகிறது.

கம்பெனி எதிர்பார்த்த மாதிரிதான் ஜனங்கள் பொருளைப் பயன்படுத்துவார்கள் என்றும் இல்லை. 2022 ஆகஸ்டில் மாமாரூ என்ற மின்சார ஊஞ்சலையும் அதே கம்பெனியின் ராக்காரூவையும் அமெரிக்காவில் ரீகால் செய்தார்கள். இருபது லட்சத்துக்கும் மேல். ஊஞ்சலில் படுத்திருக்கும் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரும் படுக்காமல் சும்மா இருக்கும்போது, இருக்கைக்குக் கீழே தொங்குகிற வார், தரையில் தவழ்ந்து வருகிற குழந்தையின் கழுத்தில் மாட்டிக்கொண்டது. ஒரு குழந்தை இறந்தது. தீர்வு என்ன? வாரைத் தொங்கவிடாமல் பிடித்து வைக்கிற ஒரு சிறு பாகத்தை இலவசமாக அனுப்பினார்கள். ஊஞ்சலைத் திருப்பிக் கேட்கவில்லை.

தெரிந்ததும் என்னென்ன செய்ய வேண்டும்?

அமெரிக்காவில் இதைப் பார்த்துக்கொள்வது நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம். சிபிஎஸ்சி என்று திருப்பூர் ஏற்றுமதிக்காரர்கள் சொல்வது இதைத்தான். பொருளில் பெரிய ஆபத்து உண்டாக்கக்கூடிய குறை இருப்பதாகத் தகவல் கிடைத்தால், கம்பெனி 24 மணி நேரத்துக்குள் ஆணையத்திடம் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டிய விஷயம்தானா என்று சந்தேகமாக இருந்தால், விசாரித்துப் பார்க்க அதிகபட்சம் 10 வேலை நாள். குறை இருந்ததற்கு இல்லை, சொல்லத் தாமதித்ததற்காகவே பெரிய பெரிய அபராதம் கட்டிய கம்பெனிகள் உண்டு. தாமதமாகிற ஒவ்வொரு நாளும் இன்னும் சில வீடுகளுக்கு அந்தப் பொருள் போய்க்கொண்டிருக்கும் என்பதால், இந்தக் கண்டிப்பு சரி என்றுதான் எனக்குப் படுகிறது.

அடுத்தது விற்பனை நிறுத்தம். கடை அலமாரி, கிடங்கு, ஆன்லைன் பக்கம், நடுக்கடலில் இருக்கிற கன்டெய்னர் வரை எங்கும் நகரக்கூடாது. ஆணையத்தில் விரைவுத் திட்டம் ஒன்று இருக்கிறது. 20 வேலை நாட்களுக்குள் விற்பனையை நிறுத்தி ரீகாலைத் தொடங்கத் தயாராக இருக்கிற கம்பெனி அதில் சேரலாம். சேர்ந்தால், பொருள் குறையுள்ளது என்று ஆணையம் முதற்கட்டத் தீர்ப்பு எதுவும் எழுதாது. சீக்கிரம் முன்வருகிறவர்களுக்கு ஒரு சலுகை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நடக்கிற ரீகால்களில் பெரும்பாலானவை இப்படிக் கம்பெனியே முன்வந்து, ஆணையத்தோடு சேர்ந்து அறிவிப்பவைதான். "அரசாங்கம் பறிமுதல் பண்ணிடுச்சு" என்பது அரிதிலும் அரிது.

அறிவிப்பில் பொருளின் படம், எந்த எண்ணில் இருந்து எந்த எண் வரை, எப்போது எங்கே விற்றது, என்ன விலை, என்ன ஆபத்து, வாங்கியவர் என்ன செய்ய வேண்டும் எல்லாம் இருக்கும். ஐரோப்பாவில் 2024 டிசம்பர் 13 முதல் நடைமுறைக்கு வந்த புதிய பொருள் பாதுகாப்பு விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. ‘முன்னெச்சரிக்கைக்காக’, ‘தாமாக முன்வந்து’, ‘அரிதான சந்தர்ப்பங்களில்’ என்றெல்லாம் எழுதி ஆபத்தைச் சின்னதாகக் காட்டக்கூடாது. பழுது நீக்குவது, மாற்றித் தருவது, பணத்தைத் திருப்புவது ஆகிய மூன்றில் பொதுவாக இரண்டையாவது வாங்கியவர் முன் வைத்து அவரையே தேர்ந்தெடுக்க விட வேண்டும்.

மறுபடி ஒரு தடவை பார்த்துக்கொள்வோம். தகவல் வந்தது, ஆபத்து எவ்வளவு என்று எடைபோட்டார்கள், ஆணையத்துக்குச் சொன்னார்கள், விற்பனையை நிறுத்தினார்கள், அறிவித்தார்கள். இதுவரை கம்பெனியின் கையில் இருந்தது. இதற்குமேல் அந்த எண்ணின் கையில் இருக்கிறது.

டப்பாவுக்கு அடியில் இருக்கிற எண்

ஒரே மாதிரிச் சூழ்நிலையில், ஒரே மூலப்பொருளில், ஒரே தொகுதியாகச் செய்தவற்றை லாட் என்கிறோம். மருந்து, உணவு என்றால் பேட்ச். திருப்பூரில் சாய லாட், கட்டிங் லாட் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் உண்டு. பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, அது எந்த லாட்டில் இருந்து வந்தது, அந்த லாட்டில் வேறு எவையெல்லாம் உண்டு என்று பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிக்க முடிவதைத் தடமறிதல் என்பார்கள்.

இது எப்படிப் பயன்படுகிறது என்பதற்கு ஒரு பால் பவுடர் உதாரணம். 2022 பிப்ரவரியில் அமெரிக்காவில் அபாட் கம்பெனி, மிச்சிகன் மாநிலத்து ஸ்டர்ஜிஸ் ஆலையில் செய்த சில குழந்தைப் பால் பவுடர்களை ரீகால் செய்தது. குரோனோபாக்டர் என்ற கிருமி பற்றிய புகார்கள் காரணம். தாய்மார்களுக்குச் சொன்ன அடையாளம் இதுதான்: டப்பாவில் உள்ள குறியீட்டின் முதல் இரண்டு இலக்கம் 22 முதல் 37 வரை இருக்க வேண்டும், குறியீட்டுக்குள் ‘கே8’, ‘எஸ்ஹெச்’, ‘இசட்2’ மூன்றில் ஒன்று இருக்க வேண்டும், காலாவதித் தேதி 2022 ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு இருக்க வேண்டும். மூன்றும் பொருந்தினால் கொடுக்காதீர்கள். பொருந்தாவிட்டால் அதே பெயர் போட்ட டப்பாவாக இருந்தாலும் இந்த ரீகாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. "அந்தப் பிராண்டே விஷம்" என்கிற ஃபார்வர்டுக்கும் உண்மைக்கும் நடுவில் இருப்பது அந்த மூன்று வரிதான்.

உடைக்கும் இது பொருந்தும். அமெரிக்காவுக்குப் போகிற குழந்தைப் பொருள் எதுவானாலும், யார் செய்தது, எங்கே, எப்போது, எந்தத் தொகுதி என்று காட்டுகிற அழியாத அடையாளம் அதில் இருக்க வேண்டும். 2008இல் வந்த சட்டத்தின்படி 2009 ஆகஸ்டில் இருந்து இது கட்டாயம். சட்டையின் பக்கத் தையலுக்குள் குட்டியாக ஒரு லேபிள் தொங்குமே, குழந்தைக்கு உறுத்துகிறது என்று கத்தரித்துப் போடுவோமே, அதில்தான் பல சமயம் இந்த விவரம் இருக்கும்.

இதில் தைப்பவருக்கும் லாபம் உண்டு. பட்டன் எந்த மெஷினில், எந்தத் தேதியில் அடித்தது என்று சொல்ல முடிந்தால் நாலாயிரம் பீஸோடு ரீகால் முடியும். சொல்ல முடியாவிட்டால் அந்த ஆர்டரில் போன நாற்பதாயிரமும் போகும். சட்டப்படி அமெரிக்காவில் முன்னால் நிற்பது அங்கே இறக்குமதி செய்தவர்தான் என்றாலும், செலவு டெபிட் நோட்டாக, அதாவது நமக்குத் தர வேண்டிய பணத்தில் கழித்துக்கொள்கிற சீட்டாக, இங்கே வந்துவிடும். ஜாப் ஒர்க்குக்கு வெளியே பவர்டேபிள் என்கிற கூலித் தையல் யூனிட்டில் கொடுத்துவிட்டு எங்கே கொடுத்தோம் என்று எழுதி வைக்காத கம்பெனிக்கு அந்த நோட்டு பெரிதாகத்தான் வரும்.

அறிவித்துவிட்டால் பொருள் வந்துவிடுமா?

ரீகாலில் எனக்குக் கவலை தருவது இந்த இடம்தான். 1998இல் சிகாகோவில் ஒன்றரை வயதுக்கும் குறைவான ஒரு குழந்தை, பகல்நேரக் காப்பகத்தில் மடக்குத் தொட்டில் சரிந்து கழுத்து நெரிபட்டு இறந்தது. அந்தத் தொட்டிலை ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1993இலேயே, ரீகால் செய்திருந்தார்கள். அறிவிப்பு வந்தது, அந்தக் காப்பகத்துக்குத் தெரியவில்லை. குழந்தையின் பெற்றோர் இதற்காகவே ஓர் அமைப்பைத் தொடங்கிப் போராடினார்கள். அதன் பலனாக, தொட்டில், உயர நாற்காலி, தள்ளுவண்டி போன்ற நீடித்து உழைக்கும் குழந்தைப் பொருட்களோடு தபால் செலவில்லாத பதிவு அட்டை ஒன்றை வைக்க வேண்டும் என்று அதே 2008 சட்டத்தில் சேர்த்தார்கள். வாங்கியவர் பெயரும் முகவரியும் கம்பெனியிடம் இருந்தால், ஆபத்து தெரிந்ததும் நேரடியாகச் சொல்லலாம். அந்த விவரத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்றும் சட்டத்திலேயே இருக்கிறது.

ஃபிஷர் பிரைஸ் கம்பெனியின் ராக் அண்ட் ப்ளே சாய்வுப் படுக்கை இன்னொரு உதாரணம். 2019 ஏப்ரலில் ஏறத்தாழ 47 லட்சம் படுக்கைகளுக்கு ரீகால். சாய்ந்து படுத்த குழந்தை குப்புறப் புரண்டு இறந்தது போன்ற மரணங்கள் காரணம். 2023 ஜனவரியில் அதே ரீகாலை மறுபடியும் அறிவிக்க வேண்டி வந்தது. ஏனென்றால் முதல் அறிவிப்புக்குப் பிறகும் குறைந்தது எட்டுக் குழந்தைகள் அந்தப் படுக்கையில் இறந்திருந்தன. எத்தனையோ வீடுகளில் அது இருந்துகொண்டேதான் இருந்தது. அக்கா வீட்டில் இருந்து தங்கை வீட்டுக்கு, அங்கிருந்து பக்கத்து வீட்டுக்கு என்று குழந்தைப் பொருட்கள் கைமாறிக்கொண்டே இருப்பவை. முதலில் வாங்கியவருக்குக் கடிதம் போகலாம். மூன்றாவது கைக்குப் போகாது.

நம் பக்கம் இது இன்னும் அதிகம். தாய்மாமன் சீரில் வந்த தொட்டில் நாலு குழந்தை கண்டிருக்கும், இப்போது ஐந்தாவது குழந்தைக்குக் காத்திருக்கும். அன்போடு கொடுப்பது, வாங்கிக்கொள்வதில் தப்பே இல்லை. ஆனால் கம்பெனித் தொட்டில், ஊஞ்சல், வாக்கர், கார் சீட் என்றால், பெயரும் மாடல் எண்ணும் போட்டு ரீகால் ஆகியிருக்கிறதா என்று போனில் ஒரு தடவை தேடிப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருந்து உறவுக்காரர்கள் கொண்டுவந்தது என்றால் கட்டாயம் பாருங்கள். வாக்கரைப் பற்றித் தனியாக ஒன்று: கனடா 2004இலேயே குழந்தை வாக்கர்களை மொத்தமாகத் தடை செய்துவிட்டது, படிக்கட்டில் உருண்டு விழுந்த குழந்தைகள் அத்தனை பேர். அதில் லாட், பேட்ச் என்ற பேச்சே இல்லை. பொருளே ஆபத்து என்று முடிவு செய்தார்கள்.

நம் நாட்டில் யாரைக் கேட்பது?

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2020 ஜூலையில் செயல்பாட்டுக்கு வந்தது. ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறவும், வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் உத்தரவிட அதற்கு அதிகாரம் இருக்கிறது. 2022இல் ஐஎஸ்ஐ தரம் இல்லாத பிரஷர் குக்கர்களை ஆன்லைன் விற்பனைத் தளங்கள் திரும்பப் பெற வேண்டும் என்று உத்தரவிட்டது இந்த ஆணையம்தான். ஐஎஸ்ஐ முத்திரை போட்ட பொருள் தரத்துக்கு ஏற்ப இல்லை என்றால் அதைத் திரும்பப் பெறச் சொல்ல இந்தியத் தர நிர்ணய அமைப்புக்கும் அதிகாரம் உண்டு. உணவுப் பொருளுக்கு 2017இல் வந்த தனி ரீகால் விதிமுறை இருக்கிறது. குழந்தைகளுக்கான பால் பவுடரும் அதில் அடக்கம்.

14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரைக்குக் கீழே இருக்கிற உரிம எண்ணை பிஐஎஸ் கேர் என்ற செயலியில் போட்டால், அது உண்மையானதா, யாருடையது என்று காட்டும். குழந்தைப் பொருளில் ஆபத்தான குறை ஏதாவது கண்ணில் பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைக்கலாம். பொருளையும் பில்லையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். லேபிள், மாடல் எண், உடைந்த இடம் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். கடைக்காரர் புதுசு கொடுத்து அனுப்பிவிட்டால் நம் பிரச்சினை தீர்ந்துவிடும், ஆனால் அதே லாட்டில் வாங்கிய மற்றவர்களின் குழந்தைகளுக்கு ஒன்றும் தீர்ந்திருக்காது. புகார்கள் ஓர் இடத்தில் பதிவாகிச் சேர்ந்தால்தான் ரீகால் என்கிற பேச்சே தொடங்கும். நம் ஊரில் ரீகால் குறைவாகத் தெரிவதற்குப் பொருட்கள் எல்லாம் தங்கமாக இருப்பது காரணம் என்று நான் நம்பவில்லை. ரீகாலை அறிவித்த கம்பெனியைவிட, எத்தனை விற்றோம், எங்கே விற்றோம் என்றே தெரியாத கம்பெனியைப் பார்த்துத்தான் நாம் பயப்பட வேண்டும்.

லேபிள் வெட்டிய உடை

கடைசியாக, நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம். திருப்பூர் காதர்பேட்டையிலும் மற்ற ஊர்களின் சர்ப்ளஸ் கடைகளிலும் ஏற்றுமதிக்குத் தைத்த குழந்தை உடை மலிவாகக் கிடைக்கும். கூடுதலாகத் தைத்தது, ஆர்டர் ரத்தானது, சைஸ் மிஞ்சியது என்று பெரும்பாலும் நல்ல சரக்குதான். நானும் வாங்குகிறேன். ஆனால் பிராண்ட் லேபிளை வெட்டியோ மை அடித்தோதான் விற்பார்கள். அதோடு தடம் போய்விட்டது. அது மிஞ்சிய சரக்கா, புல் டெஸ்டில் தோற்ற சரக்கா என்று பார்த்தால் தெரியாது. வெளிநாட்டில் அதே உடையை ரீகால் செய்தாலும் நமக்குச் செய்தி வராது.

ஆகவே அங்கே நம் விரல்தான் சோதனைக் கருவி. ஒவ்வொரு ஸ்னாப் பட்டனையும் சுற்றியுள்ள துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பட்டனைச் சுற்றிக் கீறலோ ஓட்டையோ தெரிந்தால் எடுக்காதீர்கள். பட்டனைப் பிடித்து நன்றாக இழுங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. தொப்பியில் நாடா இருந்தால் உருவிவிடுங்கள். ஒட்டிய மணி, பூ, குஞ்சம் எதுவும் கைக்குழந்தை உடையில் வேண்டாம். நாலைந்து தடவை துவைத்த பிறகு பட்டன்களை மறுபடி ஒருமுறை இழுத்துப் பாருங்கள், ஏனென்றால் அறுந்த துணி தன்னைக் காட்டிக்கொள்வது அப்போதுதான். கழன்றுவிட்டால் அந்த உடையை யாருக்கும் கொடுக்க வேண்டாம். பட்டன்களைக் கத்தரித்துக் குப்பையில் போட்டுவிட்டுத் துணியைத் துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.